கலவையார் வீட்டு மீனில்லாத தொட்டி

கலவையார், பிறப்பு 1957. பெற்றோர் இட்ட பெயரொன்று உண்டு. அதை வங்கியைத் தவிர யாரும் பயன்படுத்தியதில்லை. பெயிண்டுக் கடை நடத்திய நாளில் ஒருவர் சட்டைப் பித்தானை நீட்டி, "இதே நிறம் வேணும்" என்றால், அதே நிறத்தை வாளி நிறையக் கலந்து கொடுப்பார். அந்தக் கைவண்ணத்துக்குக் கிடைத்த பட்டம்தான் கலவையார்.

கடையை விட்டு ஓய்ந்த ஆண்டில் அவர் மனைவி படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். தொடை முதல் பாதம் வரை மாவுக்கட்டு. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, மின்விசிறியையே பார்த்துப் பார்த்துச் சலித்தவர், பார்த்துக்கொண்டிருக்க நாலு மீன் கேட்டார். கலவையார் அன்றே கண்ணாடித் தொட்டி வாங்கிக் கட்டிலருகே வைத்து, குழாய் நீரை நிரப்பி, மீன்களையும் விட்டார். விடிந்தபோது அத்தனையும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

அம்மையார் அழுதே விட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எனக்கு மீனும் வேணாம், தொட்டியும் வேணாம்."

மீன்கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "குளோரினை எடுக்காமலா விட்டீங்க? அது போனாலும் உடனே மீன் விடக்கூடாதுங்க. கழிவிலேருந்து அமோனியா வரும், அது விஷம். அதைத் தின்னுற நல்ல கிருமி ஃபில்டர் பஞ்சுல வளரணும். அதுவரைக்கும் வெறும் தண்ணியில தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க, அது அழுகி அந்தக் கிருமிக்குச் சாப்பாடாகும். அப்பப்போ கொஞ்சம் தண்ணிய இந்த டியூப்புல எடுத்து, மருந்தைச் சொட்டு விட்டு, இந்த நிற அட்டையோட ஒத்துப் பாருங்க. பச்சைன்னா விஷம், மஞ்சள்னா மீனுக்கு வாங்க."

நிறம் பார்ப்பதா? கலவையார் உச்சி குளிர்ந்து போனார்.

மீனில்லாத தொட்டிக்குத் தீனி போடும் அழகைக் காண, மாடியில் குடியிருந்த மைத்துனர் தினமும் இறங்கி வருவார். "அத்தான், இல்லாத மீனுக்கு விருந்து வைக்கிறீங்க. இருக்கிற மச்சானுக்கு ஒரு டீ கிடையாதா?"

"சும்மா இரு மச்சான், உள்ள கிருமி சாப்பிட்டுக்கிட்டிருக்கு."

"கிருமிக்கு இருக்கிற யோகம்கூட எனக்கு இல்ல."

வாரங்கள் உருண்டன. கரும்பச்சை இளம்பச்சையாயிற்று. ஆனால் அந்த இளம்பச்சை குரங்குப் பிடியாக நின்றுவிட்டது. தீனியை நிறுத்தினார்; பாதி நீரை மாற்றினார்; அசைந்து கொடுக்கவில்லை. சோதனைக் குழலை உயர்த்திப் பிடித்து, "அட்டையில இருக்கிற எந்தக் கட்டத்திலும் இது சேராது. எலுமிச்சையில ஒரு துளி கிளிப்பச்சை" என்பார்.

"சுவருக்கா அடிக்கப் போறீங்க? மீன் எப்ப வரும்னு சொல்லுங்க" என்பார் அம்மையார்.

ஒரு காலை, தொட்டியை விட்டுவிட்டு நீரின் மூலத்தையே சந்தேகித்தார். குழாய் நீரைச் சோதித்தார்: பச்சை. காய்ச்சி ஆறவைத்த குடிநீரைச் சோதித்தார்: அதுவும் பச்சை! கலவையாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குடத்தை அப்படியே கவிழ்த்தார். மாடியை நோக்கிக் கத்தினார்: "மச்சான்! தண்ணி குடிக்காதே! விஷம்!"

பாதி முகத்தில் சவர நுரையோடு மைத்துனர் உருண்டோடி வந்தார். "ஐயோ அத்தான், இப்பத்தானே ஒரு செம்பு குடிச்சேன்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தார்.

"எழுந்திருடா! இந்தத் தண்ணியத்தானே இத்தனை வருஷமா குடிக்கிறோம்? நாம யாரும் மிதக்கலையே!" என்றார் அம்மையார். "ஏங்க, அந்த டியூப்பைக் கொண்டாங்க இங்க."

வாங்கியவர், கைக்கெட்டிய வெள்ளைப் பொருளான தம் மாவுக்கட்டின்மேல் வைத்துப் பார்த்தார். மஞ்சள். கலப்படமில்லாத, சுத்தமான மஞ்சள்.

கலவையார் குழலை எடுத்து உயர்த்தினார்: பச்சை. கட்டின்மேல் வைத்தார்: மஞ்சள். உயர்த்தினார், தாழ்த்தினார். பிறகு மெல்லத் திரும்பித் தொட்டிக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். மனைவி மருத்துவமனையில் இருந்தபோது, அவர் திரும்பி வந்து மகிழட்டும் என்று தாமே கலந்து தாமே பூசிய கிளிப்பச்சை! அந்தச் சுவருக்கு நேரே பிடித்துத்தான் இத்தனை வாரமும் பார்த்திருக்கிறார். ஒரு நிறத்தை இன்னொரு நிறத்தின் பக்கத்தில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள் என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாடம் நடத்திய மனிதர்!

தொட்டி நீரும் மாவுக்கட்டு மேடையேறியது. மஞ்சளோ மஞ்சள். அம்மையார் சிரித்த சிரிப்பில் கட்டில் கிறீச்சிட்டது.

"சிரிக்காதே, கால் ஆடுது!"

"நான் என்ன பண்ண, அதுவா ஆடுது!"

உயிர் பிழைத்த மைத்துனர் ஒரு புட்டி நீரோடு மீன்கடைக்கு ஓடினார். கடைக்காரம்மா தம் பங்குக்கு எல்லாச் சோதனையும் செய்து தலையசைத்தார். மாலையில் செவ்வால் மீன்கள் எட்டு, தொட்டிக்குள் வால் விசிறின. மறுநாள் எண்ணியபோதும் எட்டு, அடுத்த மாதம் எண்ணியபோதும் எட்டு.

நீரைச் சோதிக்கும் பொறுப்பு அன்றோடு அம்மையாருக்கு மாறிவிட்டது. கலவையார் கடைசியாகச் சோதனைக் குழலைக் கையில் எடுத்தது 2019 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை.