இரண்டு பாட்டுக்கு ஒரு ஒட்டு

எங்கள் சுங்கை பினாங் சந்தில் அப்போது ஒரே ஒரு ரேடியோதான். தையல்கடை அண்ணனுடையது. அன்று ஆயுத பூஜை. சாயங்காலம் என் வீட்டுக்காரர் ரேடியோ நிலையத்தில் இரண்டு பாட்டுப் பாடப் போகிறார். வீடு வீடாகப் போய், எல்லாரும் தையல்கடைக்கு வந்துவிட வேண்டும் என்று சொன்னவள் நான்தான். பெருமை இருக்காதா?

காலையில் அண்ணன் தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்தார். பக்கத்தில் இருந்த ரேடியோவை விடுவாரா? சத்தம் வருகிற இடத்துத் துணியில் ஈரச் சந்தனத்தை அப்பி, கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினார். துணிக்குப் பின்னால் இருப்பது வெறும் காகிதக் கூம்பு. ஊறிக் கிழிந்துவிட்டது. மத்தியானம் போட்டுப் பார்த்தால் ஒரே கரகரப்பு. பேசுவது ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

“புதுசு சிங்கப்பூர்லேருந்து கப்பல்ல வரணும்மா. ஒட்டுப் போட்டா நிக்காதுலா,” என்றார் அண்ணன்.

“கப்பல் வர்ற வரைக்கும் எங்க வீட்டுக்காரர் வாயைத் தொறந்துக்கிட்டே நிப்பாராண்ணே?”

“நாளைக்கே பிஞ்சிடும்.”

“பிய்யட்டும். பாட்டு இன்னைக்குத்தானே!”

அண்ணன் ரேடியோவை அணைத்து, பின்பலகையைக் கழற்றினார். மரவள்ளி மாவில் நான் கொஞ்சமாய்ப் பசை காய்ச்சினேன். பட்டம் ஒட்டுகிற மெல்லிய காகிதத்தை விரல் அகலம் கிழித்து, கிழிசலின் மேல் வைத்து, நுனிவிரலால் நீவிவிட்டேன். தடித்த காகிதம் என்றால் பாட்டுக்குச் சளி பிடித்த மாதிரி ஆகிவிடும். காய வேண்டுமே! அண்ணன் கரி இஸ்திரிப்பெட்டியைத் தொடாமல் எட்டப் பிடித்து அனல் காட்டினார்.

சாயங்காலம் கடை வாசலில் நிற்க இடமில்லை. அண்ணன் குமிழைத் திருகினார். வந்தது பாருங்கள் என் வீட்டுக்காரர் குரல்! சுத்தமாக, தினமும் குளிக்கும்போது பாடுகிற அதே குரல்! முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அடுத்து யாரோ செய்தி வாசிக்க வாயைத் திறந்தார்: கர்ர்ர்!

“பாத்தியா, நிக்கலயே!” என்றார் அண்ணன்.

“நிக்க வேண்டிய நேரம் நின்னுச்சுலாண்ணே!”

இருட்டுகிற நேரத்தில் என் வீட்டுக்காரர் சந்து முனையிலிருந்தே ஓடி வந்தார்.

“கேட்டுச்சா?”

“ரெண்டாவது பாட்டுல ஒரு அடியை விட்டுட்டீங்க,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததே, அடேயப்பா!