டார்ச் அண்ணன் உட்கார்ந்து பார்த்த படம்

எங்கள் தியேட்டரில் அவருக்கு டார்ச் என்று பெயர். இருட்டில் வருகிறவர்களுக்கு விளக்கடித்து இருக்கை காட்டுகிற வேலை. இருபத்திரண்டு வருடம். அத்தனை வருடத்தில் ஒரு படத்தின் தொடக்கத்தைக்கூட அவர் ஒழுங்காகப் பார்த்ததில்லை. முதல் இருபது நிமிடம், தாமதமாக வருகிறவர்களின் காலடிக்கு வெளிச்சம் போடுவதில் போய்விடும். இடைவேளைக்குச் சற்று முன்னால் கதவைத் திறக்கவேண்டும், முடிவுக்குச் சற்று முன்னால் மறுபடியும். நடுவில் மிஞ்சுவதைச் சுவரோரம் நின்றபடி பார்ப்பார். நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருண்டு கிடந்தது. "இது கால் இல்லப்பா, மேப்பு" என்று பேன்ட்டைத் தூக்கிக் காட்டுவார்.

மனைவி போனபிறகு மகள் வீட்டு முன்னறையில் ஒரு மடக்குக் கட்டில். மருமகன் அதைப் போட்டுக் கொடுத்த அன்றே சொல்லிவிட்டார்: "வேலைக்குப் போற வரைக்கும் இருங்க மாமா. சும்மா இருக்குற ஆளுக்கு இங்க இடம் இல்ல." அதையும் டார்ச் அண்ணன் எங்களிடம் வேடிக்கையாகத்தான் சொல்வார். "எல்லார் கட்டிலுக்கும் நாலு கால். என் கட்டிலுக்கு இந்த ரெண்டுதான்."

வருடக் கடைசியில் எங்களிடம் ஒரு வழக்கம். வேலை பார்க்கும் எல்லோரும் அந்த வருடம் பிடித்த படம் எது, ஏன் என்று அட்டையில் எழுதிக் கொடுக்கவேண்டும். முகப்பில் ஒட்டுவார்கள். அதில் ஒருவருக்கு மேனேஜர் பரிசு தருவார். பிழைக்கத் தெரிந்தவர்கள் நன்றாக ஓடின படத்தை எழுதிவிட்டு ஒதுங்கிவிடுவார்கள். பாப்கார்ன் அக்கா மட்டும் பேய்ப்படத்தை எழுதினாள். "பயந்தவன் தின்னுக்கிட்டே இருப்பான். இதைவிட என்ன காரணம் வேணும்?"

டார்ச் அண்ணனுக்கு எழுத வராது. டிக்கெட் கவுன்டரில் இருக்கும் நான்தான் வருடாவருடம் எழுதிக் கொடுப்பேன். இந்த முறை அவர் சொன்னது மூன்றே நாள் ஓடிய படம். ஒரு பெண் தன் வீட்டை விற்கிறாள். அவ்வளவுதான் கதை.

"ஏண்ணே இது?"

"அன்னைக்கு மேட்னிக்கு நாலே பேரு. நாலு பேரும் நேரத்துக்கு வந்துட்டாங்க. சரின்னு கடைசி வரிசையில உக்காந்துட்டேம்பா. முழுசா பாத்தேன். முதல்ல அவ ஆணியிலேர்ந்து சாவியை எடுக்குறா. கடைசியில அதை வேற ஆள் கையில வைக்கிறா. அழுதுட்டேன். எடுத்ததைப் பாத்தவனுக்குத்தானே வச்சது தெரியும்?"

எனக்குப் புல்லரித்தது. ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். படித்துக் காட்டியதும் தலையைச் சொறிந்தார்.

"அந்த உக்காந்தது வேணாமே தம்பி. நல்ல படம், நல்ல நடிப்புன்னு போட்டுரு."

"அதை எடுத்துட்டா இதுல ஒண்ணுமே இல்லண்ணே. யாரு படிக்கப்போறா?"

"நீ படிச்சவன். உனக்குத் தெரியும்."

நல்ல வரி ஒன்று கையில் விழுந்தது. அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆண்டின் கடைசி நாள், காலைக் காட்சிக்கு முன்னால் எங்களை அரங்குக்குள் கூப்பிட்டார்கள். மேனேஜர் அட்டையைச் சத்தமாகப் படித்தார். முடித்ததும் கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

"முதல் பரிசு நம்ம டார்ச்சுக்குத்தான். என்ன ரசனை! எந்த சீட்டுண்ணே?"

டார்ச் அண்ணன் கூச்சத்தோடு காட்டினார்.

"உக்காருங்க. எப்படி உக்காந்தீங்கன்னு நாங்களும் பாக்கணும்ல."

உட்கார்ந்தார். யாரோ விசிலடித்தார்கள்.

"நல்லா சாஞ்சு. காலை நீட்டுங்கண்ணே, வலிக்கிற கால்தானே."

நீட்டினார். எல்லோரும் சிரித்தோம். பாராட்டு என்றுதான் நினைத்தோம். அவரும் அப்படியே நினைத்தார். மேனேஜர் விளக்கை அணைக்கச் சொன்னார். டார்ச் அண்ணன் கையிலிருந்த விளக்கை வாங்கி, அவர் முகத்திலேயே வெளிச்சம் அடித்தார்.

"கதவுக்கு ஆள் இல்ல, படிக்கு வெளிச்சம் இல்ல, சாரு இங்க உக்காந்து அழுதுக்கிட்டு இருந்திருக்காரு. எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. அண்ணே, இனிமே நீங்க நிக்கவே வேணாம். நாளைலேர்ந்து வீட்டுலயே உக்காந்துக்கலாம்."

சிரிப்பு உடனே நிற்கவில்லை. மிதிப்பதை நிறுத்தின சைக்கிள் மாதிரி கொஞ்ச தூரம் உருண்டுதான் நின்றது. பரிசு, இரண்டு இலவச டிக்கெட். அதையும் மறக்காமல் அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார் மேனேஜர்.

மறுநாள் மேட்னிக்கு, கையில் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார் டார்ச் அண்ணன். வீட்டில் சொல்லியிருக்கவில்லை. இலவச டிக்கெட் இரண்டு நாளில் தீர்ந்தது. பிறகு முன்வரிசைக்குக் காசு கொடுத்து வாங்கினார். நான் முகத்தைப் பார்க்காமல் கிழித்துக் கொடுத்தேன். காலையில் வேலை கேட்டும் அலைந்தார். துணிக்கடையில் காலைப் பார்த்தார்கள். காவல் வேலைக்குப் போன இடத்தில் வயதைப் பார்த்தார்கள்.

பத்தாம் நாள் மருமகன் கவுன்டருக்கு வந்தார். "மாமா போனை எடுக்க மாட்டேங்குறாரு. கொஞ்சம் கூப்பிடுங்க, டூட்டியில இருப்பாரு."

எனக்குப் பின்னால் மேனேஜர் நின்றிருந்தார். "அவர் இங்க வேலையில இல்லைங்களே. பத்து நாளாச்சு. உள்ள படம் பாக்குறாரு, கூப்பிடட்டுமா?"

மருமகனுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வேணாங்க, பாக்கட்டும். எப்ப விடும்?"

"ஆறே கால்" என்றேன் நான்.

போன மருமகன் ஆறு மணிக்கு முன்பே திரும்பி வந்து, ஒரு சூட்கேஸை என் கவுன்டரை ஒட்டி வைத்தார். "வந்ததும் குடுத்துருங்க தம்பி. நீங்கதான் அவருக்கு வேண்டியவராமே."

கூட்டம் கலைந்தபின் டார்ச் அண்ணன் வெளியே வந்தார். பெட்டியைப் பார்த்ததும் நின்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தரையில் மெதுவாக உட்கார்ந்து அதைத் திறந்தார். சட்டைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. செருப்பு தனிப் பையில். காலுக்குத் தடவும் தைலம் கசிந்துவிடாமல் துணி சுற்றி, ஓரத்தில். ஒரு சட்டையை எடுத்து அதன் மடிப்பை விரலால் தடவினார்.

"மாப்பிள்ளைக்கு இப்படி மடிக்க வராதுப்பா" என்றார். "இது என் பொண்ணு."