புதன்கிழமைக்கு ஒன்றும் இல்லை

உபதேசியார் பிச்சைமுத்துவுக்கு அந்த வருஷத் தவக்காலம் பஸ்ஸிலேயே கழிந்தது. மனைவி ஆயம்மாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். காலையில் கஞ்சித் தூக்கோடு போவார். ஊட்டிவிட்டு, அவள் துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு, வெயில் ஏறியதும் வடக்கனந்தல் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்துக் கல்வராயன் மலையடிவாரத்துக் காலனிக்குத் திரும்புவார். திரும்பினால் அங்கே வேலை நிற்கும். பங்குச் சாமியார் எப்போதோதான் அந்தப் பக்கம் வருவார். மற்ற நாளில் ஜெபம் சொல்ல, பிள்ளைகளுக்கு வேதம் படிப்பிக்க, நோயாளி தலைமாட்டில் உட்கார, செத்தவர்களை அடக்கம் பண்ண, எல்லாவற்றுக்கும் உபதேசியார்தான்.

மணலூர்பேட்டைப் பக்கம் கூலிக்கு நெல் அறுக்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஒரு பஞ்சத்தில், சோறாவது கிடைக்கட்டும் என்று அப்பா அவரை மிஷன் போர்டிங்கில் கொண்டுபோய் விட்டார். எட்டாவது முடித்தார். சுதந்திரம் வந்த மறுவருஷம், மீசை முளைத்த கையோடு, உபதேசியார் ஆக்கிவிட்டார்கள். அன்றைக்குத் தொடங்கிய நடை. காலனி, காடு, மலை என்று நடந்து நடந்து முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. இப்போது எழுபதுகளின் கடைசி. ஐம்பது வயதுக்கு அறுபது போலத் தெரிந்தார்.

புதிதாக வந்த சாமியார் தெற்கத்திக்காரர், இளவயது. ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னார்:

"உபதேசியாரே, சேசுநாதர் பாடுகளை நீங்க ஒரே மூச்சுல நாடகமாப் போட்டு முடிச்சிர்றீங்களாமே. இந்த வருஷம் அந்த வாரத்தை வாரமாவே நடத்துவோம். ஞாயித்துக்கிழமை நடந்தது ஞாயித்துக்கிழமை, திங்கக்கிழமை நடந்தது திங்கக்கிழமை. சாயங்காலம் கொஞ்ச நேரம் போதும். எந்தக் கிழமைக்கு எதுன்னு நீங்க பிரிச்சு வச்சிருங்க."

"சரிங்க சாமி" என்றார் பிச்சைமுத்து. எந்தச் சாமியார் எதைச் சொன்னாலும் அவர் வாயில் அதுதான் வரும். அன்றைக்கு வேறு எதுவும் சொல்லத் தெம்பும் இல்லை.

பஸ்ஸிலும் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலும் வேதப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கதையாகச் சொல்லும்போது எல்லாம் ஒரே ஓட்டமாக ஓடியது. கிழமை வைத்துப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான், சேசுநாதர் கதையை எழுதிய நாலு பேரும் நாலு பக்கம் இழுப்பது தெரிந்தது.

சேசுநாதரைக் குருத்தோலை பிடித்து ஊருக்குள் அழைத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. அதில் வம்பில்லை. கோயிலுக்குள் கடை போட்டவர்களை விரட்டியது எப்போது? மத்தேயுவைப் படித்தால், ஊருக்குள் நுழைந்த சூட்டோடு விரட்டிவிட்டார் போலிருக்கிறது. மாற்கோ, வந்தார், சுற்றிப் பார்த்தார், பொழுது சாய்ந்துவிட்டது, தங்கியிருந்த பக்கத்து ஊர் பெத்தானியாவுக்குத் திரும்பிவிட்டார், மறுநாள் வந்துதான் விரட்டினார் என்கிறார். அருளப்பர், அதுதான் யோவான், அந்தச் சண்டையைக் கதையின் ஆரம்பத்திலேயே முடித்துவிடுகிறார். பிச்சைமுத்து மாற்கு பக்கம் சாய்ந்தார். அவ்வளவு கூட்டத்தில் நசுங்கி வந்த மனுஷன் அன்றைக்கு அலுத்துப் போயிருப்பார், படுத்து எழுந்துதான் செய்திருப்பார் என்று தோன்றியது. அது திங்கட்கிழமைக்கு ஆயிற்று. கோயிலில் கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னது செவ்வாய்.

அதற்கப்புறம் முட்டிக்கொண்டது. பெத்தானியாவில் ஒரு பெண் வாசனைத் தைலம் கொண்டுவந்து சேசுநாதர் மேல் ஊற்றுகிறாள். மத்தேயு, மாற்குப்படி யூதர்களின் பாஸ்கா திருவிழாவுக்கு இரண்டு நாளைக்கு முன்னால். அதாவது புதன்கிழமை வாக்கில். அருளப்பரோ ஆறு நாளைக்கு முன்னால் என்று எழுதிவிட்டு, மறுநாள்தான் குருத்தோலைக் கூட்டம் என்கிறார். அப்படியானால் அது அந்த வாரம் தொடங்குவதற்கு முன்னால் வரும் சனிக்கிழமை.

ஆயம்மாள் தலையணையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது.

"இன்னாய்யா, காலையிலேர்ந்து அதையே பொரட்டிக்கினு கெடக்கிற?"

அவர் சொன்னார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"எங்க ஊத்துனாளாம்?"

"மாற்கு தலையிலன்றாரு. அருளப்பரு கால்லன்றாரு."

"அப்ப ரெண்டு பொம்பளைங்க. ஒருத்தி சனிக்கிழமை கால்ல ஊத்துனா, இன்னொருத்தி பின்னாடி தலையில ஊத்துனா. ஒருத்தி செஞ்சத இன்னொருத்தி செய்யக் கூடாதா? ஒரே பொம்பளையப் போட்டு ஏன்யா ரெண்டு நாளுக்கும் இழுத்தடிக்கிற?"

பக்கத்துக் கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அங்கே மலைக்காரர் செல்லன் தன் மனைவி சாமியம்மாளுக்குத் துணை இருந்தார். மலை மேல் சாமையும் தினையும் விதைக்கிற குடும்பம். சாமியம்மாள் வயிறு வீங்கி, பேச்சு நின்று, சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். செல்லன் நகர மாட்டார். பிச்சைமுத்து பஸ்ஸுக்குப் போன பிறகு ஆயம்மாளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது அவர்தான்.

"எனக்கு ஒரு சந்தேகங்க" என்றார் செல்லன். "வெள்ளிக்கெழம செத்தாரு, மூணாம் நாளு எந்திரிச்சாருன்றீங்க. ஞாயித்துக்கெழம காலையில எந்திரிச்சா ஒண்ணரை நாளுதானுங்களே ஆவுது?"

"செத்த நாளையும் சேத்து எண்ணணும். நம்ம பக்கம் மூணாம் நாளு சடங்குன்னா எப்படி எண்ணுறோம்? அப்படித்தான்."

செல்லன் விரல் விட்டுப் பார்த்தார். "ஆமா. சரியாத்தான் இருக்குது" என்றார்.

காலனியில் சேதி பரவியதும் முதலில் வந்தவன் சின்னதுரை. நாடகத்தில் சேசுநாதர் வேஷம் அவனுக்கு. கரும்பு வெட்டுகிறவன். ஆலைக்கு வெட்டு நடக்கிற காலம். விடியும் முன்னே காட்டுக்குப் போனால் உச்சி வெயிலில்தான் திரும்புவார்கள். அவனோடு பெரியநாயகியும் வந்தாள். தைலம் ஊற்றுகிற பெண் அவள்தான்.

"தெனமும் வேஷங் கட்டுனா ஒடம்பு தாங்காதுங்க உபதேசியாரே" என்றான் சின்னதுரை. "வெள்ளிக்கெழமையும் வெட்டு இருக்குது. மொதலாளி வுட மாட்டாரு."

"நடுவுல ஒரு நாளாவது வுடுங்க" என்றாள் பெரியநாயகி. "துணி தொவைக்கணும், தலைக்கு ஊத்தணும். நாங்களும் மனுஷங்கதானே?"

பிச்சைமுத்து அவள் கையைப் பார்த்தார். கரும்புத் தோகை கிழித்த கோடுகள், சில காய்ந்தும் சில காயாமலும் இருந்தன. தைலத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளினார். புதன்கிழமைக்கு ஒன்றும் இல்லை.

சிலுவையில் அறைந்த நேரத்திலும் தகராறு இருந்தது. மாற்குப்படி மூன்றாம் மணி, அதாவது நம் கணக்கில் காலை ஒன்பது. அருளப்பர்படி, உச்சிப்பொழுதில்தான் பிலாத்து தீர்ப்பே சொல்கிறான். காலை ஒன்பதுக்குச் சின்னதுரை கரும்புக் காட்டில் இருப்பான். உச்சிப்பொழுது என்று வைத்துக்கொண்டார்.

சாமியார் கேட்டுவிட்டு முகம் சுருக்கினார்.

"புதன்கிழமையை ஏன் காலியா விட்டீங்க? தைலம் பூசினது அங்கதானே வரும்? ஆள்களுக்குச் சௌகரியம் பார்த்து வேதத்தை மாத்துறீங்களா?"

"மாத்தலீங்க சாமி. ரெண்டு வெதமாவும் எழுதியிருக்குது. எது இவங்களால முடியுமோ அத எடுத்துக்கினேன்." சொல்லிவிட்டு அவருக்கே பயமாக இருந்தது. எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. பேச்சை மாற்றுவது போல, மனதில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டார்: "கடைசி ராச்சாப்பாட்டைப் பாஸ்கா விருந்துன்னு மூணு பேரு சொல்றாங்க. அருளப்பரு, மறுநாளு பிலாத்து வாசல்ல நின்னவங்க இன்னும் பாஸ்கா சாப்பிடலன்னு எழுதுறாரு. அப்ப பாஸ்கா வியாழனா, வெள்ளியாங்க சாமி?"

சாமியார் மோட்டார் சைக்கிளில் ஏறப் போனவர் நின்றார். யூதர்களுக்குப் பொழுது சாய்ந்தால் மறுநாள் பிறந்துவிடும் என்று விளக்கினார். அதன்படி வியாழன் ராத்திரியும் வெள்ளி பகலும் ஒரே நாள்தான். ஆனாலும் அந்த முடிச்சு அதோடு அவிழவில்லை. "செமினரியில எங்களுக்கு ஒரு வாரம் இதைத்தான் நடத்தினாங்க. நடத்தினவரே கடைசியில தெரியலைன்னுட்டார்" என்று சொல்லி, அவரும் களைத்த மாதிரி சிரித்தார். "புதன் காலியாவே இருக்கட்டும்."

சனிக்கிழமை பெரியநாயகி சின்னதுரையின் காலில் தேங்காயெண்ணெய் ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை ஈச்சங் குருத்துப் பிடித்துக் கூட்டமாகப் போனார்கள். திங்களும் செவ்வாயும் எப்படியோ நடந்தன. புதன்கிழமை பகல் முழுவதும் ஆயம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்துவிடுவது என்று பிச்சைமுத்து முடிவு செய்து போனார்.

அவர் வார்டுக்குள் நுழைந்தபோது சாமியம்மாளின் முகத்தை மூடியிருந்தார்கள். செல்லன் அழவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வூட்டுக்குக் கொண்டும் போவணுங்க" என்றார். 

ஆயம்மாள் பிச்சைமுத்துவைப் பார்த்தாள். "நீ போய்யா. நான் எங்கியும் ஓடிட மாட்டேன்."

கரும்பு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய லாரி ஒன்று அடிவாரம் வரை ஏற்றிக்கொண்டது. செல்லனின் ஊருக்கு அதற்கு மேல் பாதை இல்லை, ஒற்றையடித் தடம்தான். லாரி காலனி ஓரம் நின்றபோது வெட்டு முடித்து ஆண்கள் திரும்பியிருந்தார்கள். அன்றைக்கு நாடகம் இல்லை. சின்னதுரை குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து எட்டிப் பார்த்தான். பிச்சைமுத்து ஒன்றும் கேட்கவில்லை.  அவனே போய் இரண்டு மூங்கில் கொண்டுவந்தான். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள்.

பாடை கட்டி முடித்ததும் ஒரு தயக்கம் வந்தது. மலைக்காரர்கள் காலனி ஆள்களைத் தங்கள் பாடையைத் தொட விட்டதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். செல்லன் அவர்கள் தோள்களைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார்.

"தூக்குங்க" என்றார்.

ஏற்றம் நெடுக ஆள் மாறி ஆள் தூக்கினார்கள். தோள் மாற்றும்போது மட்டும் ஒரு முனகல். பிச்சைமுத்துவிடம், நீங்கள் தூக்க வேண்டாம் என்றார்கள். அவர் பின்னாலேயே நடந்தார். வழியில் செருப்பு வார் அறுந்தது. கழற்றி எறிந்துவிட்டுக் கல்லிலும் முள்ளிலும் நடந்தார். ஜெபம் சொல்ல நினைத்தார், வார்த்தை கோத்து வரவில்லை. போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. ஊர்க்காரர்கள் எதிரே வந்து பாடையை வாங்கிக்கொண்டார்கள். வந்தவர்களுக்குச் சாமைச் சோறு போட்டார்கள். ஊருக்கு வெளியில், மரத்தடியில்தான். பசிக்கு அதுவும் இறங்கியது.

வியாழன் காலையில் அடக்கம் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அன்று மாலைப் பூசையில், சேசுநாதர் தம் சீடர்களுக்குச் செய்தது போல, சாமியார் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவினார். பிச்சைமுத்துவின் காலைப் பிடித்தவர், பித்தவெடிப்பில் புதைந்திருந்த முள்ளையும் கட்டிய ரத்தத்தையும் பார்த்தார். பிறகு கூட ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மெல்லத் தேய்த்தார். பிச்சைமுத்துவுக்குத் தூக்கம் கண்ணைச் சொருகியது.

வெள்ளிக்கிழமை சின்னதுரை கரும்புக் காட்டிலிருந்து நேராக வந்தான். பாடை சுமந்த தோள் கன்றியிருந்தது. சிலுவை மரத்தை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். மூன்றாம் முறை விழ வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே விழுந்துவிட்டான். அது நடிப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. பெரியநாயகி ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். வேதத்தில் அந்த இடத்தில் யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. சாமியார் தடுக்கவில்லை.

உயிர்ப்பு ஞாயிறு விடிந்தபோது கோயில் மணி அடித்தது. பிச்சைமுத்து எழவில்லை. நாடகத்தில் சேசுநாதர் கல்லறைக்குப் போகிற பெண்கள் அவர் வாசல் வழியாகத்தான் போனார்கள். எழுப்பலாமா என்று ஒருத்தி நின்றாள். "தூங்கட்டும் வுடு" என்று பெரியநாயகி அவளை இழுத்துக்கொண்டு போனாள். உபதேசியார் இல்லாமலே உயிர்ப்பு நடந்தது.

திங்கட்கிழமை ஆயம்மாளை வீட்டுக்கு அனுப்பினார்கள். முழுக்கக் குணமாகவில்லை, மாத்திரை நிற்காமல் சாப்பிட வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் வேறொருத்தி வந்து படுத்திருந்தாள். பஸ்ஸில் உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்த கூட்டம். ஆயம்மாளுக்கு மட்டும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்து நின்றார்.

"அந்த மலைக்காரரு எப்பிடி இருக்காரு?" என்று கேட்டாள்.

"தெரியல. தெனை வெதைக்கிற காலம் வருது. பாப்பாரு."

அவள் கொஞ்சம் நகர்ந்து, கால்வாசி இடம் பண்ணி, அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருய்யா" என்றாள். அவர் உட்கார்ந்தார். வடக்கனந்தல் வருவதற்குள் அவர் தலை அவள் தோளில் சாய்ந்துவிட்டது. அவளுக்கு மூச்சு வாங்கியது. இருந்தாலும் நகரவில்லை.