கப்பலுக்கு ஒரு வடம்

எனக்கு உள்ளங்கை வியர்க்கும். தூத்துக்குடியில் யாருக்குத்தான் வியர்க்காது என்று கேட்பீர்கள். ஊருக்கே முதுகு நனைகிற நாளில் எனக்கு உள்ளங்கை சொட்டும். மார்கழியில் ஃபேனை நிறுத்தச் சொல்லி அம்மா சத்தம் போடுகிற நாளிலும் சொட்டும். பரீட்சைத் தாளுக்கு மேல் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் கையை வைத்துத்தான் எழுதுவேன். எட்டாம் வகுப்பில் ஆண்டுவிழா நடனத்துக்குக் கைகோத்து நிற்கச் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்தாள், உடனே விட்டாள், பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "இவ வீட்ல தண்ணிக்குப் பஞ்சமே வராது, கையைப் பிழிஞ்சாப் போதும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் யார் கையையும் பிடிக்கவில்லை. வணக்கம் என்பது எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்று என்னைப்போல் உணர்ந்தவர் இந்த ஜில்லாவில் இருக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்டவள் பொறியியல் கடைசி வருஷத்தில் என்ன ப்ராஜெக்ட் எடுத்தேன் தெரியுமா? இருபது பேர் கைகோத்து நின்றால் ஓடுகிற கப்பல்.

யோசனை என்னுடையதல்ல, என் கூட்டாளியுடையது. மீன்பிடித் துறைமுகத்துப் பக்கத்துப் பெண். அவள் சிரித்தால் லேபில் இருக்கிற கண்ணாடிக் கதவு அதிரும். ஏதோ ஒரு வீடியோவில் இரண்டு பேர் கையைத் தொட்டதும் பாட்டுக் கேட்டதைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னாள். அரை மணி நேரத்தில் கப்பல் தயார், காகிதத்தில். பத்தடி மேசை. ஒரு முனையில் அட்டைக் கப்பல், மறுமுனையில் அட்டைக் கலங்கரை விளக்கம். கப்பலை இழுக்க மேசைக்கடியில் ஒரு மோட்டாரும் நூலும். வரிசையில் முதல் ஆளும் கடைசி ஆளும் ஆளுக்கொரு செம்புத் தகட்டைத் தொடவேண்டும், இடையில் நிற்பவர்கள் கைகோக்கவேண்டும். எல்லார் உடம்பு வழியாகவும் துளி மின்சாரம் போகும். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை மேசைக்கடியில் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு அளந்து சொல்லும், அதற்கேற்பக் கப்பல் நகரும். இருபது பேர் சேர்ந்தால் கலங்கரை விளக்கத்தைத் தொட்டு ஹாரன் அடிக்கும். ஹாரனை என் கூட்டாளியே துறைமுகச் சாலையில் நின்று போனில் பதிவு செய்துவந்தாள். அதில் பின்னணியில் ஒரு அண்ணாச்சி வடை எத்தனை என்று கேட்பதும் சேர்ந்து பதிவாகியிருந்தது. அதை வெட்ட எங்களுக்கு மனசு வரவில்லை.

துறைத்தலைவி மேடத்துக்கு இது பிடிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எங்கள் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, இது ப்ராஜெக்டா பிக்னிக்கா என்று கேட்டார். ஒவ்வொரு வருஷமும் நாலு குழுக்களாவது செய்கிற தண்ணீர்த்தொட்டி அலாரம் ஒன்று உண்டு. தொட்டி நிறைந்தால் கத்தும், அவ்வளவுதான். அதையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. தொட்டி நிறைவதைப் பார்க்க எங்கள் தெருவில் எல்லோருக்கும் கண் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என் கூட்டாளி என் காலை மிதித்தாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டார். கல்லூரியில் இரண்டு நாள் பொருட்காட்சி வருகிறது, ஊர்ச்சனம் வரும். அந்த இரண்டு நாளில் ஒரு தடவையாவது ஊர்ச்சனத்தின் கையால் கப்பல் கலங்கரை விளக்கத்தைத் தொடவேண்டும். தொட்டால் இதுதான் எங்கள் ப்ராஜெக்ட். தொடாவிட்டால் தண்ணீர்த்தொட்டி.

ஒரு மாதம் உழைத்தோம். லேபில் கப்பல் அழகாக ஓடியது. கைகோக்க இருபது பேருக்கு எங்கே போவது? மின்சாரத்துக்குத் தடை போடுகிற சின்ன ரெசிஸ்டர் இருபதை வரிசையாகப் பற்றவைத்துச் சோதித்தோம். ஒரு ரெசிஸ்டர் ஓர் ஆள். ரெசிஸ்டருக்கு வெட்கம் கிடையாது, சாதி கிடையாது, சம்பந்தி வீட்டுச் சண்டை கிடையாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சமர்த்தாக நின்றன. கப்பல் ஒவ்வொரு முறையும் போய்த் தொட்டது, ஹாரன் அடித்தது, அண்ணாச்சி வடை கேட்டார். நாங்கள் குதித்தோம். அறிக்கையின் பன்னிரண்டாம் பக்கத்தில் 'உலர்ந்த கையைவிட ஈரக்கை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும்' என்று என் கைப்படவே எழுதினேன். எழுதும்போது கைக்குட்டை கைக்குக் கீழே இருந்தது. அப்போதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முதல் நாள் வந்தது. சனம் வந்தது. யாரும் கைகோக்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் முதலில் ஷாக் அடிக்குமா என்று கேட்டார்கள். அடிக்காது என்று நாங்கள் சத்தியம் செய்ததும் இரண்டாவது கேள்வி, பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. அந்தப் பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பையன் திடீரென்று போனில் மிக அவசரமான எதையோ பார்க்கத் தொடங்கினான். பஜாரில் கடை வைத்திருக்கும் இரண்டு அண்ணாச்சிமார் பெரிய மனசு பண்ணி நின்றார்கள், ஆனால் நடுவில் ஒரு துண்டைப் போட்டு ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். துண்டில் மின்சாரம் போகாது என்றேன். அப்படியானால் உங்கள் மின்சாரத்தில்தான் ஏதோ கோளாறு என்றார்கள். எங்கள் கல்லூரிப் பையன்களும் பெண்களும் ஒரே வரிசையில் நிற்கவே விதி இடம் கொடுக்காது. பெரும்பாடுபட்டு ஒன்பது பெண்களை நிறுத்தினோம், ஏழாவது பெண்ணுக்கு மூக்கு அரித்தது. கை விட்டது, கப்பல் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. மேடம் இரண்டு முறை வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கூடத்தின் தரையில் உட்கார்ந்து முந்திரி மக்ரூன் தின்றுகொண்டே ஊரைத் திட்டினேன். கையைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும், ஒருத்தர் கையை ஒருத்தர் தொட்டால் கை கரைந்தா போய்விடும், இந்த ஊர் உருப்படாது என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். என் கூட்டாளி பொட்டலத்தில் உடைந்துகிடந்த தூளைப் பொறுக்கித் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஆளுவ கையைப் பிடிக்க மாட்டாவ," என்றாள். "ஒரு வடத்தைக் குடுத்துப் பாரு. பிடிக்காம எவன் போறான்னு பாப்போம்."

நான் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டேன். தேருக்கு இரண்டு வடம். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று, நடுவில் ஆள். ஆளுக்கு ஆள் தொடவே வேண்டாம். ஒவ்வொருவரும் இரண்டு வடத்துக்கும் ஒரு பாலம். கைகோத்தால் ஒருத்தர் விட்டால் எல்லாம் போச்சு. வடத்தில் யார் வந்து பிடித்தாலும் மின்சாரம் கூடும், விட்டால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ப்ரோக்ராமில் மாற்றவேண்டியது நாலே வரி. இரண்டு பேரும் எழுந்து நின்று கத்தினோம். கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா எங்களுக்கு என்னவோ ஏதோ என்று துடைப்பத்தோடு ஓடிவந்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் முப்பதடி பருத்திக் கயிறு இரண்டும், அவள் மாமா வேலை பார்க்கும் உப்பளத்திலிருந்து ஒரு கேன் தண்ணீரும் கொண்டுவந்தாள். உப்பை எடுத்த பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர் அது. அதில் நனைத்தது எதுவும் லேசில் காயாது. கயிற்றுக்குள் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி, ஊறவைத்து, இடுப்பளவு உயரத்தில் இரண்டு வரிசையாக மேசையோடு கட்டினோம். எத்தனை பேர் பிடித்தால் கப்பல் கலங்கரை விளக்கத்தைத் தொடவேண்டும் என்று நான் கணக்கு வைக்கவேண்டியிருந்தது. காலை ஏழு மணிக்கு யார் இருக்கிறார்கள்? பழைய புத்தி, மறுபடியும் ரெசிஸ்டரைத்தான் எடுத்தேன். முப்பது ரெசிஸ்டர், முப்பது ஆள்.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தோம். நேற்று வந்த துண்டு அண்ணாச்சிமார் இன்று குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மூத்தவர் வடத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார், நடுவில் போய் நின்று இரண்டு கையாலும் பிடித்தார். அவர் பின்னால் அவர் வீட்டம்மா. அவர்கள் பின்னால் யாரோ. செருப்பைக் கழற்றும்படி நாங்கள் சொல்லவே இல்லை, ஐந்து நிமிஷத்தில் கூடத்து வாசலில் செருப்பு மலை. கடற்கரைத் தெருப் பெண்கள் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிடித்தார்கள். கப்பல் ஒவ்வோர் ஆளுக்கும் நாலு விரற்கடை நகர்ந்தது.

பிடித்தவர்கள் சும்மா நிற்பார்களா? இழுத்தார்கள். பத்தடி மேசை, கப்பல், மோட்டார், கலங்கரை விளக்கம், என் லேப்டாப் எல்லாம் வாசலை நோக்கிப் புறப்பட்டன. நான் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு மேசையோடு ஓடினேன். "இழுக்காதீய, பிடிச்சா மட்டும் போதும்" என்று என் கூட்டாளி கெஞ்சினாள். வடத்தைப் பிடித்துவிட்டு இழுக்காமல் நிற்பது எப்படி என்று ஒருவர் நியாயமாகவே கேட்டார். கடைசியில் வடத்தின் முனைகளைத் தூணில் கட்டிவிட்டோம். அதன்பின் தூண் பட்ட பாடு. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. என் கூட்டாளியும் போய் வடத்துக்கு நடுவில் நின்றுகொண்டாள்.

கூடத்தில் இருந்த எல்லோரும் பிடித்துவிட்டார்கள். நேற்றைய ஜோடி கூட வந்திருந்தது, ஒருவர் பின்னால் ஒருவர். பெருக்குகிற அக்கா பிடித்தார்கள். கப்பல் போய்க்கொண்டே இருந்தது. கலங்கரை விளக்கத்துக்கு நாலு விரற்கடை இருக்கும்போது நின்றது.

எல்லோரும் கப்பலையே பார்த்தார்கள். அசையவில்லை. வாசலில் எட்டிப் பார்த்தேன், செருப்புகள் மட்டும்தான் இருந்தன. என் கண் திரையில் இருந்த அந்த எண்ணுக்குப் போனது. 30. அதை 29 என்று மாற்றினால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. தண்ணீர்த்தொட்டி கண்முன் வந்தது. விரலை விசைமேல் வைத்தேன், விசை நனைந்தது.

"ஏம்மா, அங்கன நின்னு என்ன செய்யுத? நீயும் வந்து பிடி."

துறைத்தலைவி மேடத்தின் குரல். அவர் எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. பெரிய அண்ணாச்சிக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் பின்னால் மூன்றாவது ஆளாக, வெறுங்காலோடு, இரண்டு வடத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கடைசி வரைக்கும் அவர் கை கட்டிக்கொண்டு எங்கோ ஓரத்தில் நிற்பதாகவே நினைத்திருந்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு மாதமாக இந்தக் கப்பலைச் செய்கிறேன். செம்புத் தகட்டையும் வடத்தையும் ஒரு தடவைகூட நான் ஆளாக நின்று பிடித்ததில்லை. சோதிக்கவேண்டிய இடத்திலெல்லாம் ரெசிஸ்டரை வைத்தேன். ஊர் கையைக் கொடுக்கவில்லை என்று நேற்று அத்தனை பேச்சுப் பேசினேனே, எட்டாம் வகுப்பிலிருந்து என் கையை நான் யாருக்குக் கொடுத்தேன்? வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. லேப்டாப்பை விட்டு வந்து, பழக்கத்தில், கையைச் சுடிதாரில் துடைத்தேன்.

"தொடைக்காதளா," என்றாள் என் கூட்டாளி. "ஈரம்தான் வேணும்."

இரண்டு கையாலும் பிடித்தேன். கப்பல் நகரவில்லை, பாய்ந்தது. நாலு விரற்கடையை ஒரே தாவாகத் தாவி, கலங்கரை விளக்கத்தை முட்டிச் சாய்த்து, மேசை விளிம்பைத் தாண்டி மூக்கை நீட்டிக்கொண்டு தொங்கியது. ஹாரன் கூடம் முழுக்க முழங்கியது. அண்ணாச்சி வடை எத்தனை என்று கேட்டார். கூட்டம் எனக்குக் காது அடைக்கும்வரை ஆர்ப்பரித்தது. யாராவது போய் ஹாரனை நிறுத்தவேண்டும், லேப்டாப் பக்கம் யாரும் இல்லை. நான் வடத்தை விடவில்லை. ஹாரன் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருந்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் கப்பல் எத்தனை தடவை கரை சேர்ந்தது என்று எண்ணுவதை நாங்கள் விட்டுவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து வாய்மொழித் தேர்வு. மேடம் எங்கள் அறிக்கையில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் ஆளும் பிடித்தபோது கோடு ஒரு படி ஏறியிருக்கும், எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரப் படிகள். கடைசிப் படி மட்டும் மற்றவற்றைப்போல் மூன்று மடங்கு. அவர் பேனாவால் அதைத் தொட்டு, இது மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார். கருவிக் கோளாறு என்று சொல்லியிருக்கலாம்.

"அது நான், மேடம்," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேசைக்குக் குறுக்கே கையை நீட்டினார். நான் துடைக்கவில்லை. அப்படியே கொடுத்தேன். அழுத்திக் குலுக்கினார். பிறகு கைக்குட்டையைத் தேடாமல் அதே கையால் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. கையெழுத்தின் வால் கொஞ்சம் கலைந்திருக்கிறது.