ஆறு கால் நாய்

இந்தக் கட்டுரையை எழுத வேண்டியவன் நான் இல்லை. எனக்கு அறுபத்து மூன்று வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒரு முறை வந்து போன நெஞ்சு வலி என்று எல்லாத் தகுதியும் எனக்குத்தான் இருக்கிறது. தங்கைக்கு ஐம்பத்து நான்கு. தலைவலி மாத்திரைகூட வீட்டில் வாங்கி வைக்காதவள். என் நினைவு மலரில் அவள்தான் எழுதுவாள் என்று நாங்கள் பல தடவை பேசிச் சிரித்திருக்கிறோம். "எழுதுறேன் அண்ணே. ஆனா நீ பெட்டியிலேர்ந்து எழுந்து வந்து எழுத்துப் பிழை திருத்தக் கூடாது," என்பாள்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அன்று வியாழக்கிழமை. காலை ஏழே காலுக்கு மாடியேறி வந்து, சட்னிக்கு அரை மூடித் தேங்காய் இருக்கிறதா என்று கேட்டாள். என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். "பொட்டுக்கடலை இருக்கா, தரவா?" என்றதற்கு, "இருக்கு அண்ணி" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மந்தைவெளியில் இருக்கும் எங்கள் அடுக்ககத்தில் நான் இரண்டாம் மாடி, அவள் முதல் மாடி. கீழேயிருந்து மிக்சி சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஒருத்திக்குச் சட்னி அரைக்க இவ்வளவு நேரமா என்று எரிச்சலோடுதான் இறங்கிப் போனேன். கதவு திறந்திருந்தது. சமையலறைத் தரையில் கிடந்தாள். சமையல் மேடைமேல் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நான் முதலில் மிக்சியை நிறுத்தினேன். அவளைத் தொட்டது அதற்குப் பிறகுதான். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எதிர் வீட்டு டாக்டர் சட்டைப் பொத்தான் போடாமல் ஓடி வந்து, கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார்.

மலரில் இறந்தவர்களை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று என் மகள் சொன்னாள். எழுதிப் பார்த்தேன். யாரோ ஓய்வு பெற்ற அதிகாரியைப் பற்றி எழுதுவது போல் இருந்தது. ஐம்பத்து நான்கு வருடங்கள் 'அவள்' என்றே பழகிவிட்டது. உறவினர்களும் எங்கள் கோவில் பங்கு மக்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கை சாந்தோமில் பிறந்தாள். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்தார். அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அப்பா போய்விட்டார். நான் வேலைக்குச் சேரும்வரை அம்மா தையல் இயந்திரத்தை மிதித்து எங்களைக் காப்பாற்றினார். தங்கை பிளஸ் டூ முடித்த வருடம்தான் எனக்குத் திருமணம். கல்லூரியில் சேர அவள் ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி போதும் என்று நான்தான் முடிவு செய்தேன். அவளைக் கேட்கவில்லை. இதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை, அதனால் நானே சொல்கிறேன்.

அடையாறில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தாள். கடைசிவரை அதே பள்ளி, அதே ஒன்றாம் வகுப்பு. பதவி உயர்வு வந்தபோது, பெரிய பிள்ளைகள் தன்னை ஏமாற்றிவிடுவார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டாள். வரன்கள் வந்தன. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்ததும் அந்தப் பேச்சு தானாகவே நின்றுபோனது. ஒன்பது வருடங்கள் அம்மாவைக் குழந்தையைப் போல் பார்த்துக்கொண்டாள். நான் மாடியிலிருந்து இறங்கி வந்து நலம் விசாரித்துவிட்டுப் போவேன்.

பொம்மைகள் தொடங்கியது அந்தப் படுக்கையருகில்தான். அம்மாவின் வலது கை இறுக மூடிக்கொண்டு, நகங்கள் உள்ளங்கையில் பதிந்து புண்ணாக்கின. கைக்குள் மென்மையாக ஏதாவது வையுங்கள் என்று பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னார். தங்கை பள்ளியில் கன்னியாஸ்திரி ஒருவரிடம் கற்ற பின்னலை நினைவுக்குக் கொண்டு வந்து, உல்லன் நூலில் ஒரு சின்ன உருளை பின்னி, உள்ளே பஞ்சு அடைத்து வைத்தாள். அம்மா அதைப் பார்த்து, வாய் கோணியபடியே, "எலி" என்றார். உடனே அதற்கு இரண்டு காதும் வாலும் பின்னினாள். அடுத்த வாரம் கால்சட்டை போட்டுவிட்டாள். அம்மா அந்த நோயில் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சென்னை வெயிலில், மே மாதத்தில், மடியில் கம்பளி நூலோடு உட்கார்ந்திருப்பவளை நான் எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன். "ஊட்டிக்கு மாத்தல் வாங்கிட்டியா?" என்பேன். தலையைத் தூக்காமல், "பின்னல் கண்ணி எண்ணிக்கிட்டிருக்கேன் அண்ணே, பேச்சு குடுக்காத," என்பாள்.

அம்மா போன பிறகு வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பின்னத் தொடங்கினாள். அவள் முறை இதுதான். பிள்ளை ஒரு படம் வரைய வேண்டும். படத்தில் என்ன இருக்கிறதோ, அதை அப்படியே பின்னுவாள். பையில்லாத மிருகத்துக்குப் பை போட்டிருந்தால் பை, மீனுக்குக் காது வரைந்திருந்தால் காது. ஒன்றையும் திருத்த மாட்டாள். சந்தேகம் வந்தால் பிள்ளையிடம் போய்க் கேட்டு, படத்தின் பின்பக்கம் குறித்துக்கொள்வாள்.

நான் முப்பத்தைந்து வருடங்கள் விலங்கியல் பாடம் நடத்தியவன். சிவப்புப் பேனா என் கையில் ஒட்டிக்கொண்டே வளர்ந்தது. ஒரு நாள் கழுத்தே இல்லாத ஒட்டகச்சிவிங்கி ஒன்று நாற்காலியில் இருந்தது.

"இது என்ன, மஞ்சள் பன்றியா?"

"ஒட்டகச்சிவிங்கி."

"கழுத்து எங்கே?"

"பேப்பர் அவ்வளவுதான் இருந்துச்சாம். கேட்டுட்டேன்."

"தப்பான உருவத்தைப் பிள்ளை கையில் குடுத்தா, தப்பாத்தானே கத்துக்கும்?"

"நீ பதினொண்ணாம் வகுப்புல கழுத்தை நீட்டிக்கோ அண்ணே. ஒண்ணாம் வகுப்பு என் வகுப்பு," என்றாள்.

அவளை அடக்கம் செய்த நாளுக்கு வருகிறேன். அன்று நடந்தவற்றில் பாதி எனக்கு நினைவில்லை. யார் வந்தார்கள், யாரிடம் என்ன சொன்னேன், தெரியாது. பெட்டியை மூடும் முன் என் மகள், "அத்தை கையால பின்னினது ஏதாவது கூட வைக்கலாம்ப்பா," என்றாள். தங்கை வீட்டுக்குள் போனேன். ஜன்னலோர நாற்காலியில் இருந்த பின்னல் கூடையில், மேலாக, காபிப்பொடி நிறத்தில் ஒரு நாய் இருந்தது. இடது காது மட்டும் வெள்ளை. முடித்து, நூலை வெட்டி, ஊசிகளைத் தனியே எடுத்து வைத்திருந்தாள். கடைசியாகச் செய்தது அவளுடனேயே போகட்டும் என்று எடுத்து வந்தேன். செபமாலை சுற்றிய கைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வைத்த பிறகுதான் பார்த்தேன். நாய்க்கு ஆறு கால்கள்.

தங்கை பெட்டியில் கிடக்கிறாள், நான் கால்களை எண்ணியிருக்கிறேன். அது மட்டுமில்லை. சுற்றிலும் பங்கு மக்கள், என்னிடம் படித்த மாணவர்கள், உறவினர்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று, புடவை மடிப்பைச் சரி செய்வது போல், நடுவிலிருந்த இரண்டு கால்களை மடித்து உள்ளே செருகிவிட்டேன். அப்போது நாய் நாயாகத் தெரிந்தது. பெட்டியை மூடினார்கள்.

எட்டாம் நாள் தேவி வந்தார். தங்கையின் பள்ளியில் ஆயாவாக வேலை செய்கிறவர். ஆற்றங்கரையில் குடியிருந்த குடும்பம். அந்த வீடுகளை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்ககங்களுக்கு மாற்றிய பிறகு அங்கிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். அதே பள்ளியில் படிக்கும் மகள் ரோஷினியையும் அழைத்து வந்திருந்தார். தங்கையின் படத்துக்கு முன்னால் நின்று அழுதுவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனைக்காத சார். டீச்சரம்மா எம்பொண்ணுக்கு ஒரு நாய் பொம்மை செஞ்சிக்கினு இருந்தாங்கோ. வெள்ளிக்கெழமை தர்றேன்னாங்களாம். இது டெய்லி அதையே கேட்டுக்கினு கீது. எங்க ஜிம்மி சார் அது. வூடு காலி பண்ணப்போ லாரியில எடம் இல்ல, வுட்டுட்டு வந்துட்டோம். அப்பால போய்த் தேடினோம், கெடைக்கல."

ரோஷினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாயை ஏற்கனவே இழந்தவள். அவளுடைய இரண்டாவது நாயை நான் எடுத்துப் புதைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் முடிக்கலம்மா. முடிச்சுத் தர்றேன்," என்று சொல்லிவிட்டேன்.

கூடையின் அடியில் படம் இருந்தது. பின்பக்கம் தங்கையின் கையெழுத்து: "ஜிம்மி. ரோஷினி. காபிப்பொடி நிறம். இடது காது வெள்ளை. கால் ஆறு. கேட்டுவிட்டேன், ஆறுதான்."

பின்னத் தெரியாது எனக்கு. தங்கையின் தோழி எலிசபெத் டீச்சர் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்து கற்றுக்கொடுத்தார். மூன்று மாதம் என் கையில் வந்தது எல்லாம் கரித்துணி. "சார், நூலைத் தூக்குல போடாதீங்க, தளர்த்திப் புடிங்க," என்பார். நான் பின்னியதைத் தினமும் பிரித்தேன். தங்கை தொட்டு வைத்த நூலுருண்டை அது, கடையில் வேறு வாங்க மனம் வரவில்லை. பிரித்துப் பிரித்து நூல் நொந்துபோனது. ஏழாம் மாதம் ஒரு நாய் உருவானது. நான்கு கால்கள் பின்னினேன். குறிப்பைப் படித்துவிட்டுத்தான் நான்கு பின்னினேன். ரோஷினி இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள், இனிச் சரியாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் அடையாறில் பஸ் ஏறி, பெரும்பாக்கத்தில் ஐந்தாம் மாடி ஏறிப் போனேன். ரோஷினி நாயை வாங்கினாள். காதைத் தடவினாள். பிறகு திருப்பிப் பிடித்துக் கால்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். எண்ணிவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"இது ஜிம்மி இல்ல சார்."

"ஏம்மா? வெள்ளைக் காது இருக்கே."

"இது நின்னுகினு கீது," என்றாள். "ஜிம்மி ஓடியாந்துச்சு. லாரி பின்னாடியே, பாலம் வரிக்கும். காலு நெறைய தெரிஞ்சுச்சு. டீச்சர் கேட்டாங்க, சொன்னேனே."

தேவி முகத்தை மூடிக்கொண்டார். மகள் இதைத் தன்னிடம் சொன்னதே இல்லை என்றார். என் மகள், சிறு வயதில் என் தங்கை, மாணவர்கள் என்று எத்தனையோ பேர் என்னிடம் எதையெதையோ வரைந்து காட்டியிருப்பார்கள். நான் யாரிடமும் ஏன் என்று கேட்டதில்லை. தங்கைக்கு அது இரண்டு நிமிட வேலையாக இருந்திருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை பின்னிய ஜிம்மி எங்கே போனது என்று சொன்னேன். "இன்னா சார் நீ, அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க கேட்டிருக்கவே மாட்டோமே," என்றார் தேவி. ரோஷினி அழவில்லை.

"டீச்சரோட போனதுக்கு எத்தினி காலு சார்?"

"ஆறு."

"அப்ப சரி," என்றாள்.

நாயைத் திரும்ப வாங்கி வந்து, இன்னும் இரண்டு கால்கள் பின்னிச் சேர்த்தேன். போன மாதம் கொடுத்துவிட்டேன். எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.

தங்கையின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் குடும்பத்தின் நன்றி. அன்று ஓடி வந்த டாக்டருக்கும், கல்லறைவரை பெட்டியைச் சுமந்த பங்கு இளைஞர்களுக்கும், அவள் வகுப்பை அவள் நடத்தியது போலவே நடத்திவரும் ஆசிரியைகளுக்கும், என் முரட்டு விரல்களைப் பொறுத்துக்கொண்ட எலிசபெத் டீச்சருக்கும், என்னை மன்னித்த தேவிக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். உங்களில் பலர் வீட்டில் தங்கை பின்னிய பொம்மை இருக்கும். அதில் ஏதாவது கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தால் யாரும் சரி செய்ய வேண்டாம். அவள் கேட்டுவிட்டுத்தான் பின்னியிருப்பாள்.

ரோஷினியிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. தங்கையோடு போன ஜிம்மிக்கு ஆறு கால் என்றுதான் சொன்னேன். இரண்டை நான் மடித்துச் செருகியதைச் சொல்லவில்லை. பாலம் வரைக்கும் ஓடி வந்த நாய் அது. தங்கை அதை ஓடவிட்டுத்தான் போனாள். மண்ணுக்கடியில், அவள் கைப்பக்கத்தில், அதை நிற்க வைத்தவன் நான்.