சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாய்

பிளேஸ்டோவில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அன்ரிக்கு நாய் என்றால் நடுக்கம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரின் நாயைத் தெருவில் கண்டால், அந்தக் கட்டை மனுசி குடையை முன்னால் நீட்டிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவந்துவிடுவார்.

ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் அந்த நாய்க்காக வத்தாளங்கிழங்கை, அதுதான் சர்க்கரைவள்ளியை, சீவி, உப்பில்லாமல், குறைந்த சூட்டில் ஓவனில் காயவைப்பார். கடையில் நாய் கடிக்கவென்று விற்பது மாட்டுத்தோல். மச்சமாமிசம் தொடாத கையால் அதை வாங்க ஏலாதாம்.

தோல்போல இழுபடும் துண்டுகளைக் கிழவரின் கதவிலுள்ள தபால் துவாரத்தால் போட்டுவிட்டு ஓடிவருவார். பிறகு இரண்டு வீட்டுக்கும் பொதுவான எங்கள் நடைச்சுவரில் காதை வைப்பார். நாய் கடிக்கும் சத்தம் கேட்டபிறகுதான் தேத்தண்ணி.

ஒருநாள் துண்டுகள் கடதாசிபோல இருந்தன.

“ஏன் அன்ரி, இவ்வளவு மெல்லிசா?”

“அதுக்குப் பல்லு ஏலாமப் போச்சுது, தம்பி. இப்ப முந்தின மாதிரிச் சத்தம் கேக்கேல்லை.”

“அப்ப ஒருக்காத் தடவித்தான் பாருங்கோவன்.”

“ஐயோ, எனக்கு நாயெண்டால் பயமெல்லோ!”

இப்போது என் வீட்டிலும் ஒரு நாய் இருக்கிறது. எந்நேரமும் என் மடியில்தான் கிடக்கிறது. அதன் பல்லைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.