கொதிக்கிற சீட்

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டோரம் ஒரு டீக்கடை முன்னால் எங்கள் வாடகைக் கார் வெயிலில் நிற்கிறது. மாடியிலிருந்து விழுந்த என் தம்பிக்கு மூன்று மாதமாக இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். டீ குடித்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு காருக்கு வருகிறேன்.

"அண்ணாச்சி, நில்லுங்க! ரெக்சின் சீட்டு கொதிக்குது" என்று கடைக்கார அம்மா ஓடி வருகிறார்.

"இவனுக்குக் கால்ல சூடு தெரியாதும்மா."

"அதான் ஆபத்து. தோலு வெந்தாலும் தெரியாதுல்லா?"

எனக்குச் சுருக்கென்கிறது. தம்பியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சீட்டைத் தொடுகிறேன். கை வைக்க முடியவில்லை. டிரைவர் நான்கு கதவுகளையும் திறந்துவிடுகிறார். அந்த அம்மா ஈரத்துணியால் சீட்டைத் துடைத்துத் துடைத்து ஆற்றுகிறார். பிறகு புறங்கையை வைத்துப் பார்க்கிறார். என் துண்டை நனைத்துப் பிழிந்து அதன்மேல் விரிக்கிறேன்.

"இப்ப உக்கார வையுங்க. வழியில அடிக்கடி தொட்டுப் பாத்துக்கோங்க."

கார் கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் தம்பி என் கையைப் பிடிக்கிறான்.

"அண்ணே, எடது தொடையில ஜில்லுன்னு இருக்கு."

"எங்கலே?"

அவன் தொட்டுக் காட்டுகிறான். அந்த இடத்தில் ஈரத்துண்டு பட்டு வேட்டி நனைந்திருக்கிறது.